பயன்படுத்துவோராய் மட்டுமின்றிச் சோதிப்போராய்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவை முன்னிட்டு நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் ஆற்றிய உரை



வெள்ளி விழா என்பது கடந்த 25 ஆண்டுகளை எண்ணிப் பெருமிதம் கொள்வதற்கு மட்டும் உரிய நாளன்று. அடுத்த 25 ஆண்டுகளில் நம் மக்கள் எதைக் கற்க வேண்டும் என்று ஆராய்வதற்கும் உரிய நாளாகும். அம்முறையில் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றுப் புதுமையானது. லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்தின் கெர்னலுக்கு வெளிவரும் சோதனைப் புதுப்பிப்புகளைப் பெறுவது எவ்வாறு, பெற்றபின் செய்ய வேண்டியது யாது, அதனால் நம் இளைஞர்க்கு விளையும் பயன் யாது என்பனவே இவ்வுரையின் பொருள். "இதற்கும் நம் சமுதாய முன்னேற்றத்திற்கும் என்ன தொடர்பு?" எனப் பெரியோர் சிலர் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை கூறிய பின்னரே செய்முறைக்குச் செல்வோம்.

ஆலைகளும் நாமும்

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நம் ஊர்களைச் சூழ்ந்து எழுந்துள்ள ஆலைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிற்று. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை இயங்கத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் வந்தன. இவ்வாலைகளிலும் இவற்றைச் சார்ந்த உதிரிப்பாக ஆலைகளிலும் நம் பிள்ளைகள் பலர் பணிபுரிகின்றனர். ஐ.டி.ஐ. படித்தோர் உளர், பட்டயம் பெற்றோர் உளர், பன்னிரண்டாம் வகுப்போடு நின்றோரும் உளர். ஒப்பந்தத் தொழிலாளராய்ச் சென்று ஒப்பந்தம் முடிந்ததும் வீடு திரும்பியோரும் மிகப் பலர்.

நோக்கியா ஆலையின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. வரி வழக்கில் சிக்கியிருந்த காரணத்தால் ஸ்ரீபெரும்புதூர் ஆலை அவ்விற்பனையில் சேர்க்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் முதல் நாளோடு அங்கு உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பல இலட்சம் கைப்பேசிகளைத் தம் கைகளால் பொருத்தி அனுப்பிய அவ்விளைஞர்க்கு, அக்கைப்பேசிக்குள் இயங்கிய நிரலில் ஒரு வரியைக் கூடப் படிக்கும் உரிமை இருந்ததில்லை. நிரலைப் படித்திருந்தால் ஆலை மூடப்பட்டிராது என்று நாம் கூறவில்லை. ஆலையை மூடுவோரும் திறப்போரும் வேறு எங்கோ இருக்கின்றனர். ஆயினும் ஆலையை விட்டு வெளியேறும் நாளில் ஒருவன் தன்னோடு எடுத்துச் செல்லத்தக்க அறிவு எது என்ற வினா அன்றே எழுந்தது. இன்றும் அவ்வினா நம்முன் நிற்கிறது.

கெர்னல் என்பது யாது?

கணினியில் நாம் காணும் எழுத்துப் பலகை, படம், கணக்குப் பட்டியல் முதலிய யாவும் மேல்தளத்தில் இருப்பவை. அவற்றிற்கும் இயந்திரத்திற்கும் இடையே நின்று, நினைவகத்தைப் பங்கிட்டும், செயலியின் நேரத்தை முறை வைத்து அளித்தும், வட்டு, திரை, விசைப்பலகை, வலையிணைப்பு ஆகியவற்றோடு பேசியும் பணிபுரிகின்ற உட்கருவே கெர்னல் ஆகும். ஒவ்வொரு வன்பொருளையும் இயக்குதற்குரிய 'டிரைவர்' நிரல்களில் பெரும்பாலானவை லினக்சில் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. கெர்னல் பழுதுபட்டால் மேலே உள்ள யாவும் நின்றுவிடும்.

1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக உலகிற்கு அறிவித்தார். அதற்கு முன்பே, 1983இல், அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' திட்டத்தை அறிவித்திருந்தார். அத்திட்டத்தின் பொது உரிமத்தை லினக்ஸ் கெர்னல் 1992இல் ஏற்றுக்கொண்டது. அவ்வுரிமத்தின் சாரம் இதுவே: நிரலை எவரும் இயக்கலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம். ஆனால் அளிப்போர், தாம் பெற்ற அதே உரிமைகளோடும் மூல நிரலோடும் அளித்தல் வேண்டும். திருத்தியதைப் பூட்டி வைத்துக்கொண்டு, பெற்றவரிடமிருந்து மூல நிரலை மறைத்தல் கூடாது.

இந்நிபந்தனையைக் கேட்கும்போது நம் மாவட்டத்து மக்களுக்கு வேறொன்று நினைவிற்கு வருதல் இயல்பு. 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமன்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து அறிக்கை அளித்தார். அதன் விளைவாக 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நிலம் பெற்றோர் முதல் 10 ஆண்டுகள் அதனை விற்கலாகாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கே விற்கலாம் என்பது நிபந்தனை. கொடுத்த பொருள் பிறர் கைக்குப் போகாதிருக்கப் பத்திரத்திலேயே காவல் வைக்கப்பட்டது. ஆயினும் அக்காவல் ஏட்டில் இருக்க, நிலம் பெருமளவு கைமாறிப் போயிற்று. அதனை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர்.

நிலமும் நிரலும் ஒன்றல்ல. நிலத்தின் பொருட்டு நம் மக்கள் குருதி சிந்தினர். அதற்கு ஈடாக எதனையும் வைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. நாம் கொள்ள வேண்டிய பாடம் ஒன்றே: உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருப்பது மட்டும் போதாது, உரியவர் அதனைக் கையாண்டால்தான் அது நிலைக்கும். லினக்ஸ் உரிமம் நமக்கும் மூல நிரலைத் திறந்து வைத்திருக்கிறது. அதனைத் திறந்து பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்?

நம் வீட்டிற்கு வந்த லினக்ஸ்

லினக்ஸ் தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய 'பாஸ்' என்னும் பாரத இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. ஏறத்தாழ அதே காலத்தில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநராய் இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும் பாசும் சேர்ந்தே இருந்தன. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நிறுத்தப்பட்டபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களில் பாஸ் பயன்பாட்டை நோக்கித் திரும்புமாறு அறிவுறுத்திற்று.

ஆகவே நம் குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு லினக்ஸ் ஒருமுறை வந்து சென்றிருக்கிறது. அட்டைப் பெட்டியோடு வந்ததைக் கடையில் கொடுத்து அழித்துவிட்டு, உரிமமற்ற விண்டோஸ் நகலைப் பதித்துக்கொண்டோர் பலர். ஒலி வரவில்லை, வை-ஃபை கிட்டவில்லை, அச்சுப்பொறி ஏற்கவில்லை என்பன அவர்கள் கூறிய குறைகள். அக்குறைகளில் சில உண்மையானவையே. ஆனால் அக்குறையை எவரிடம் சொல்வது, எவ்வாறு சொல்வது என்று எவரும் நமக்குக் கற்பிக்கவில்லை. சொல்லாத குறை தீராது. நம் கையிலுள்ள பழைய மடிக்கணினி, அதைக் கெர்னல் எழுதுவோரிடத்தில் பெரும்பாலும் இராது. அதில் ஒரு புதிய கெர்னல் ஓடுமா, ஓடாதா என்பதை நாம் சோதித்துச் சொன்னாலொழிய அவர்கள் அறிய வழியில்லை. சோதனைப் புதுப்பிப்பு நமக்கு ஏன் என்னும் வினாவிற்கு முதல் விடை இதுவேயாகும்.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகள் இனி மலிவாகக் கிடைக்கும். அவற்றில் லினக்சைப் பதித்துப் பயன்படுத்தும் வாய்ப்பு முன்னிலும் மிகுதி.

சோதனைக் கெர்னல் பிறக்கும் முறை

ஒரகடத்தில் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருப்பதை அறிவீர்கள். வாகனங்கள் சாலைக்கு வருமுன் அங்கு பல்வகைச் சோதனைகளுக்கு உட்படுகின்றன. கெர்னலுக்கும் அத்தகைய சோதனை உண்டு. வேறுபாடு யாதெனில், அங்கு நுழையச் சீட்டு வேண்டும், இங்கு வேண்டியதில்லை. கெர்னலின் சோதனைக் களம் உலகெங்கும் பரவிக் கிடக்கும் சாதாரணக் கணினிகளே.

முறை இதுவாகும். ஒரு பதிப்பு வெளியானதும், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் புதிய மாற்றங்கள் ஏற்கப்படுகின்றன. பின்னர் அவ்வாயில் அடைக்கப்பட்டு, முதல் சோதனைப் பதிப்பு 'ஆர்சி 1' என்ற பெயரில் வெளிவருகிறது. அதன்பின் வாரந்தோறும் ஆர்சி 2, ஆர்சி 3 எனப் பெரும்பாலும் ஆர்சி 7 வரை, சில வேளை ஆர்சி 8 வரை செல்லும். அக்காலத்தில் பிழை திருத்தம் மட்டுமே நடைபெறும். இவ்வாறு 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய கெர்னல் பிறக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் சேரும் மாற்றங்கள் 10,000-ஐத் தாண்டுவது வழக்கம். வெளியான பின்னரும் கிரெக் குரோவா-ஹார்ட்மன், சாஷா லெவின் ஆகியோர் பராமரிக்கும் நிலைப் பதிப்புகள் திருத்தங்களோடு வந்துகொண்டே இருக்கும். அத்திருத்தங்களும் வெளிவருமுன் ஏறத்தாழ இரண்டு நாள்கள் சோதிப்போர் பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

ஆலையில் பணிபுரியும் இளைஞர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இயந்திரக் கையையும் ஓடுபட்டையையும் இயக்கும் கணினிக்கு வேகத்தினும் முதன்மையானது நேரந்தவறாமை. குறித்த நொடிக்குள் விடை வராவிடில் கை தவறான இடத்தில் இறங்கும். லினக்சுக்கு இத்தன்மையை அளிக்கும் நிகழ்நேரத் திருத்தங்கள் ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியே வளர்ந்து, 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கெர்னலோடு முழுமையாக இணைந்தன. அத்தனை ஆண்டுகளும் அவற்றைத் தம் இயந்திரங்களில் ஓட்டிப் பார்த்துப் பிழை சொன்னோர் இல்லையேல் அது நிறைவேறியிராது.

பெறும் வழிகள்

சோதனைக் கெர்னலைப் பெற மூன்று வழிகளைக் கூறுவோம்.

முதலாவது டெபியன் வழி. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டத்தில் நிலைப் பதிப்பு, 'டெஸ்டிங்', 'அன்ஸ்டேபிள்' என்னும் படிகள் உண்டு. புதிய நிரல்தொகுப்பு முதலில் அன்ஸ்டேபிளில் நுழைந்து, சில நாள்கள் பெரும்பிழை ஏதும் எழாவிடில் டெஸ்டிங்கிற்கு நகரும். 'எக்ஸ்பெரிமென்டல்' என்னும் தனிக் களஞ்சியமும் உண்டு. இன்னும் முற்றுப்பெறாத ஆர்சி கெர்னல்கள் பெரும்பாலும் அங்கேதான் வைக்கப்படும். 2023 ஜூனில் வந்த நிலைப் பதிப்பு 6.1 கெர்னலையும், 2025 ஆகஸ்டில் வந்த நிலைப் பதிப்பு 6.12 கெர்னலையும் கொண்டவை. நிலைப் பதிப்பைக் கைவிடாமல் கெர்னலை மட்டும் புதியதாக்க விரும்புவோர்க்கு 'பேக்போர்ட்ஸ்' களஞ்சியம் உதவும். புதியோர் அங்கிருந்து தொடங்குதல் நன்று. பாஸ் பதித்த கணினியில் டெபியன் களஞ்சியங்களைக் கலந்து வைத்தல் கூடாது. சோதனைக்கென வேறொரு வட்டில் டெபியனைத் தனியே பதித்தலே முறை.

இரண்டாவது ஃபெடோரா வழி. அங்கு எந்தப் புதுப்பிப்பும் பொதுமக்களுக்குச் செல்லுமுன் 'அப்டேட்ஸ் டெஸ்டிங்' என்னும் களஞ்சியத்தில் காத்திருக்கும். வெளியான பதிப்புகளில் அக்களஞ்சியம் இயல்பாக மூடப்பட்டிருக்கும். கெர்னலை மட்டும் பெறுதற்காக ஒருமுறை திறந்து, பெற்றபின் அதனை மூடிவிடலாம். சோதித்தவர் "நன்றாக இயங்குகிறது" அல்லது "பழுது கண்டேன்" என்று மதிப்பளிப்பார். அம்மதிப்பைக் கொண்டே புதுப்பிப்பு முன் செல்வதும் நிற்பதும் தீர்மானிக்கப்படும். புதிய கெர்னலுக்கெனத் தனியே சோதனை நாள்களும் அறிவிக்கப்படுகின்றன.

மூன்றாவது, கெர்னலின் மூல நிரலையே தரவிறக்கித் தாமே தொகுத்தல். இயங்கிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைவுக் கோப்பை எடுத்துக்கொண்டு, அதன் அடிப்படையில் புதியதைத் தொகுத்துப் பதித்தல் வேண்டும். பழைய மடிக்கணினியில் இதற்குப் பல மணி நேரம் ஆகும். பாதுகாப்புத் துவக்கம் செயலில் உள்ள கணினிகள், இவ்வாறு தாமே தொகுத்த கெர்னலை ஏற்க மறுக்கலாம் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். இவ்வழி கடினமாயினும் கற்பிப்பது மிகுதி.

எவ்வழியாயினும் சில கட்டுப்பாடுகளை மீறலாகாது. படிப்புக்கோ பிழைப்புக்கோ நம்பியிருக்கும் கணினியில் சோதனைக் கெர்னலை ஏற்றாதீர். ஏற்றுமுன் முதன்மையான கோப்புகளை வேறிடத்தில் படியெடுத்து வைப்பீர். நன்கு ஓடும் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்; துவக்கப் பட்டியலில் அதனைத் தேர்ந்தெடுத்து மீண்டும் உள்நுழையும் முறையைப் புதியதை ஏற்றுமுன்பே பழகிக்கொள்வீர். திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து அன்றி, பெயர் தெரியாத இடத்திலிருந்து கெர்னலைப் பெறாதீர். ஆலையின் கணினியிலோ இயந்திரத்திலோ எக்காரணத்தாலும் இச்சோதனையைச் செய்யாதீர்; அது வேலையைப் பறிக்கும்; உயிருக்கும் ஊறு விளைக்கும்.

சோதித்தலும் எழுதுதலும்

கெர்னலை ஏற்றிக் கணினி துவங்கிவிட்டால் மட்டும் சோதனை முடிந்ததாகாது. ஒலி வருகிறதா, வலையிணைப்பு நிற்கிறதா, மூடியை மூடித் திறந்தால் உறக்கத்தினின்று விழிக்கிறதா, மின்கலம் முன்போல் நீடிக்கிறதா, செருகிய விரலியைக் காண்கிறதா என வரிசையாகப் பார்த்தல் வேண்டும். கெர்னல் தான் செய்வனவற்றையெல்லாம் நாட்குறிப்புப் போல் பதிந்து வைக்கிறது. பழைய கெர்னலின் பதிவையும் புதியதன் பதிவையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் புதிய பிழைச் செய்திகள் புலப்படும்.

பிழை கண்டால் எழுதும் முறை எளியது. எந்தக் கணினி, எந்த வன்பொருள், எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது, எந்தப் பதிப்பில் கெட்டது, என்ன செய்தால் பிழை மீண்டும் தோன்றுகிறது, பதிவில் என்ன எழுதியுள்ளது என்னும் ஆறு செய்திகள் வேண்டும். வருத்தமும் சினமும் வேண்டா. ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிந்த இளைஞர்க்கு இம்முறை புதிதன்று. பழுதான பாகத்தின் எண்ணையும், பழுது தோன்றிய கட்டத்தையும் குறித்துப் பழகிய கை அது. அந்தப் பழக்கமே இங்கு மூலதனமாகிறது.

"10,000 மாற்றங்களுள் பிழை செய்தது எது என்று நாம் எங்ஙனம் காண்பது?" என அஞ்ச வேண்டா. 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதிய 'கிட்' என்னும் கருவியில் அதற்கு வழி உண்டு. நல்ல பதிப்பிற்கும் கெட்ட பதிப்பிற்கும் நடுவில் உள்ள நிலையைத் தொகுத்து ஓட்டிப் பார்ப்போம். அது நன்றாக இருந்தால் பிழை பிற்பாதியில், கெட்டிருந்தால் முற்பாதியில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்து வந்தால் 10,000 மாற்றங்களையும் 14 சோதனைகளில் ஒன்றாக்கிவிடலாம். இதற்குப் பொறுமை வேண்டும். நிரல் எழுதும் புலமை வேண்டியதில்லை. முன்பு ஓடியது புதிய கெர்னலில் ஓடாமற் போகலாகாது என்பது கெர்னல் எழுதுவோர் உறுதியாகப் போற்றும் விதி. ஆதலால் இவ்வாறு குறிப்பிட்ட மாற்றத்தையே சுட்டிக் காட்டும் ஒரு மடலுக்கு மதிப்பு மிகுதி.

தடைகள்

இனி, தடைகளை மறைக்காது பேசுவோம். முதல் தடை ஆங்கிலம். பிழை அறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்பெறுகின்றன. ஆனால் அவ்வாங்கிலம் இலக்கிய ஆங்கிலமன்று. இருநூறு முந்நூறு சொற்களுக்குள் அடங்குவது. அதனைப் பழகலாம். இரண்டாவது தடை நேரம். மூன்று முறைப் பணியில் உழலும் இளைஞர்க்கு ஓய்வு அரிது. ஆதலின் தனியொருவராய் அன்றிக் குழுவாய்ச் செய்தலே இயலும்.

மூன்றாவது தடை பெரிது. கணினித் துறையில் சாதியில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். நேர்காணலில் ஊரையும் தந்தை பெயரையும் கேட்டு இடம் அறிய முயல்வோரை நம் பட்டதாரிகள் கண்டிருக்கின்றனர். கெர்னலில் எழுதுவோருள் பெரும்பாலோர் பெருநிறுவனங்களில் ஊதியம் பெறுவோரே என்பதும் உண்மை. சோதிப்போருக்கு ஊதியம் இல்லை. நாளையே வேலை கிடைக்கும் என்று வாக்களிப்பது வஞ்சனையாகும். ஆயினும் ஒரு பிழை அறிக்கை ஏற்கப்படும்போது, அதனை எழுதியவர் எந்தக் கல்லூரியில் படித்தார், எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பன அங்கு எழுதப்படுவதில்லை. காட்டிய சான்று சரியா என்பதே பார்க்கப்படுகிறது. அவ்வறிக்கை நாளொடு பொதுவில் நிலைத்திருக்கும். ஒப்பந்தம் முடிந்தாலும், ஆலை மூடப்பட்டாலும் அதனை எவரும் திரும்பப் பெற முடியாது. சான்றிதழ் வாங்க வழியற்ற ஒருவனுக்குத் தன் திறமையைத் தானே நிலைநாட்ட இது ஒரு வாயில். ஒரே வாயில் என்று கூறவில்லை; திறந்திருக்கும் வாயில் என்றே கூறுகிறோம்.

நம் முன்னோர் இத்தகைய வாயிலை விட்டுவைத்தோர் அல்லர். அச்சுப்பொறி வந்த காலத்தில், பிறர் அச்சிட்டதைப் படிப்பதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். தம் காலத்துக் கருவியைத் தாமே கையாண்டமையால்தான் அவர்கள் குரல் இன்றும் கேட்கிறது.

முன் நடப்போர்

இவ்வழியில் நாம் முதலானவர் அல்லர். பெங்களூருவில் குரப்பனபாளையா குடிசைப்பகுதியில் 'அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம்' என்ற பெயரில், தன்னார்வலர் துணையோடு, அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே கணினி கற்பிக்கப்பட்டது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் ஊர்ப்புற மாணவர்க்குக் கட்டணமின்றிப் பயிற்சி அளித்து வருகின்றனர். 2023 ஜனவரியில் டெபியன் திட்டத்தினரின் மாநாடு ஒன்றும் விழுப்புரத்தில் நடைபெற்றது. நம் மாவட்டத்திலேயே காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழிலேயே கலந்துரையாடல் நடத்தி வருகிறது. ஐயம் தோன்றினால் கேட்பதற்கு அருகிலேயே ஆளுண்டு என்பதற்காக இவற்றைக் கூறினோம்.

செய்ய வேண்டியவை

பேச்சோடு நின்றுவிடாமல், சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறோம்.

வீடுகளில் முடங்கிக் கிடக்கும் விலையில்லா மடிக்கணினிகளைச் சங்கத்திற்கு அளிக்குமாறு உறுப்பினர்களைக் கேட்போம். அவற்றுள் ஓடக்கூடியவற்றில் லினக்சின் நிலைப் பதிப்பைப் பதித்து, மாணவர் பயன்பாட்டிற்கு வைப்போம். ஒரே ஒரு கணினியை மட்டும் சோதனைக்கென ஒதுக்கி, அதன்மேல் 'சோதனைக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டுவோம். அதன் அருகில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாள், கெர்னல் பதிப்பு, சோதித்தவர் பெயர், கண்டது என்னும் நான்கு கட்டங்கள் போதும். மாதத்திற்கு ஒரு ஞாயிறு மாலை நான்கைந்து பேர் கூடிப் புதிய சோதனைக் கெர்னலை ஏற்றிப் பார்ப்போம். பொறுப்பாளர் இருவருள் ஒருவர் பெண்ணாய் இருத்தல் வேண்டும். கைப்பேசி ஆலைகளில் நுண்ணிய பாகங்களைப் பொருத்திப் பழகிய நம் பெண்மக்களின் கூர்மை இப்பணிக்குப் பெரிதும் வேண்டும். பிழை கண்டால் முதலில் தமிழில் எழுதுவோம். பின்னர் ஆங்கில ஆசிரியர் துணையோடு பெயர்த்து அனுப்புவோம். விடை வந்தால் அனைவரும் கூடிப் படிப்போம். வராவிடில் அடுத்த மாதம் மீண்டும் எழுதுவோம்.

இதற்குப் பெருஞ்செலவில்லை. ஒரு பழைய கணினி, மின்சாரம், வலையிணைப்பு, ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு, இவையே தேவை. ஓராண்டு கழித்து அக்குறிப்பேட்டைப் பொதுக்குழுவின் முன் வைப்போம். அதில் பத்துப் பக்கம் நிரம்பியிருந்தால், நம் சங்கத்துப் பிள்ளைகள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் ஒரு பொருளைச் சோதித்துச் சொல்லும் இடத்தில் அமர்ந்துவிட்டனர் என்று பொருள்.

நம் மக்களுக்கு எப்பொருளும் கடைசியில்தான் வந்து சேரும். அதுவும் பிறர் பயன்படுத்தித் தள்ளியதாய் வந்து சேரும் என்பது நெடுங்கால வழக்கம். இங்கோ, உலகிற்கு வெளியாகுமுன்பே நம் கைக்கு வரக்கூடிய ஒரு பொருள் உள்ளது. அதனை வாங்கிப் பார்த்து, "இது சரி, இது பிழை" என்று சான்றோடு உரைக்கும் உரிமையும் நமக்கு உள்ளது. அவ்வுரிமையைக் கையாளுமாறு இளைஞர்களை அன்போடு அழைக்கிறோம். விருப்பமுள்ளோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் அளித்துச் செல்க. முதல் ஞாயிறு எதுவென்று இன்றே குறித்துவிடுவோம்.

 ஜெய்பீம்!